ஒரே பயணம்... இரண்டு விடியல்!

விமானப் பயணம் என்றதும் நம் ஆபீஸ் மூளை என்ன செய்யும்? தூரத்தை வேகத்தால் வகுக்கும். விடை ரெடி! நானும் பி.காம்.தான். எனக்கும் அதே வியாதி.

ஆனால், அந்தக் கணக்குக்கு அடங்காத ரூட் ஒன்று இருந்தது சார். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து, இலங்கையில் காலிக்குப் பக்கத்திலுள்ள கொக்கல ஏரி வரை. தூரம் சுமார் 5,650 கிலோ மீட்டர்.

இன்றைய ஜெட் என்றால் ஏழு மணி நேரம். ரெண்டு சாப்பாடு, ஒரு சினிமா, கொஞ்சம் குறட்டை... தீர்ந்தது. 1943-ல்? 27 மணியிலிருந்து 32 மணி வரை! அதுவும் நடுவில் எங்கும் இறங்காமல்!

எதற்கு இந்தப் பாடு? 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போனது. ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் நடுவே இருந்த விமானப் பாதை அறுந்தது. அவசரத் தபாலும் அதிகாரிகளும் போய் வர வழி வேண்டுமே! குவான்டாஸ் நிறுவனம் கேட்டலினா என்ற கடல் விமானங்கள் ஐந்தை இறக்கியது.

வயிறு முழுக்க பெட்ரோல். எனவே, அதிகபட்சம் மூன்றே பயணிகள். தபால் 69 கிலோ. ஆயுதம்? மூச்! ரேடியோவிலும் வாயைத் திறக்கக் கூடாது. ஜப்பானியர் காதில் விழுந்தால் ஆபத்து. இருட்டில், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டுபிடித்தார்கள். நமக்கு பகலிலேயே பஸ் நம்பர் தெரிய மாட்டேன் என்கிறது!

இப்போது வகுத்தல் கணக்குக்கு வருவோம். 27 மணி என்றால் மணிக்கு சுமார் 209 கி.மீ. வேகம், 32 என்றால் சுமார் 176. அதே விமானம், அதே தூரம். ஐந்து மணி நேரத்தைத் தின்றது யார்? பெரும்பாலும் காற்று! எதிர்க்காற்று அடித்தால் இன்றைய ஜெட்டுக்கும் இதே கதிதான். அதனால்தான் போகிற நேரமும் வருகிற நேரமும் ஒன்றாக இருப்பதில்லை.

ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்தவர்களுக்கு, 'இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்' என்று ஒரு சான்றிதழே கொடுத்தார்கள். 2019-ல் நியூயார்க், லண்டன் இரண்டிலிருந்தும் சிட்னிக்கு நிற்காமல் 19 மணி நேரத்துக்கு மேல் பறந்து சோதித்த குவான்டாஸ், அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரும் 'சூரியோதயம்'தான்.

1945 வரை 271 தடவை கடலைக் கடந்தும் ஒரு விமானம்கூட விழவில்லை. ஆனால், அவை அமெரிக்கா யுத்தத்துக்காக இரவல் தந்தவை. யுத்தம் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையேல் அழித்துவிட வேண்டும். பெரும்பாலானவற்றை பெர்த்துக்கு அருகே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் கடலில் மூழ்கடித்துவிட்டார்கள்.

கணக்கு நேர், பாக்கி பூஜ்யம். பி.காம். படித்த எனக்கே அந்த என்ட்ரி பிடிக்கவில்லை, சார்!