ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்பைத் தேடும்போது

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் தமிழ்மொழியில் உயர்தரம் கற்கும் மாணவருக்குச் சொந்த மாகாணத்திலேயே ஆங்கில மொழிமூலப் பட்டப்படிப்பு பெலிஹுல்ஓயாவில் இருக்கிறது. அங்குள்ள, 1995இல் தனிப் பல்கலைக்கழகமான சப்ரகமுவவில் பிரயோக விஞ்ஞானம், விவசாயம், புவியளவையியல் போன்றவை ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்படுகின்றன. பாடநெறிகளின் மொழிமூலத்தை, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஆண்டுதோறும் வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் பார்க்கலாம். அது தமிழிலும் வருகிறது. கல்வியில் பின்தங்கியவையாகக் கணிக்கப்பட்டுப் பல்கலைக்கழக அனுமதியில் மேலதிக இடஒதுக்கீடு பெறும் 16 மாவட்டங்களில் இரத்தினபுரியும் ஒன்று. கேகாலை அதில் இல்லை.

வெளிநாடு என்றால் ஜேர்மனி நல்ல உதாரணம். அங்குள்ள ஆங்கில வழிப் படிப்புகளை டிஏஏடி என்ற கல்விப் பரிமாற்றச் சேவை இணையத்தில் பட்டியலிடுகிறது. அவற்றில் முதுமாணிப் படிப்புகளே அதிகம். அறிவித்தல் ஆங்கிலத்தில் இருப்பதால் விரிவுரையும் ஆங்கிலத்தில்தான் என்று நம்பிவிடக் கூடாது. 'கற்பித்தல் மொழி' என்ற வரியை வாசிக்க வேண்டும். ஜேர்மன் மொழியும் சேர்ந்திருந்தால் அந்த மொழிச் சான்றிதழும் கேட்கப்படலாம். பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் கற்பித்தல் கட்டணம் இல்லை. ஆனால் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுத் தவணைக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை விசாவுக்கு முன்பே காட்ட வேண்டும். முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன், பல்கலைக்கழகத்தின் சொந்தப் பக்கத்தில் மொழியையும் கட்டணத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.