வெள்ளை மயிலுக்கு எது வந்து சேரவில்லை?

1947-ல் பரோடா மகாராணி ரமணாசிரமத்துக்கு ஒரு வெள்ளை மயிலை அளித்தார். மயில் அங்கே புதிதல்ல. இன்றும் செங்கம் சாலையில் ஆசிரம வாசலுக்குள் நுழைந்தால் எங்கிருந்தோ ஒன்று அகவுவது காதில் விழும். ஆனால் கூட்டத்தில் ஒரு வெள்ளை மயில் நின்றுவிட்டால் மற்றவற்றை யாரும் பார்ப்பதில்லை. செல்போன்கள் எல்லாம் அதன் பக்கமே திரும்பும். ‘இது வேறு ஜாதி மயில்’ என்பார் ஒருவர். ‘அல்பினோ’ என்பார் இன்னொருவர். இரண்டும் சரியில்லை. நீல மயிலும் வெள்ளை மயிலும் ஒரே இனம். வெள்ளை மயிலுக்கு ஒரே ஒரு குறை: அதன் உடலில் ஒரு வகைச் செல் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. செல்லிலிருந்து முழு உயிர் எப்படி அமைகிறது என்று தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

முதலில் நீல மயிலின் ஒரு பீலியைப் பார்ப்போம். தோகை என்று நாம் சொல்வது வாலே அல்ல. வாலின் மேல்புறத்தை மூடும் இறகுகள்தான் அப்படி நீண்டு வளர்கின்றன; உண்மையான வால் அதற்குப் பின்னால் குட்டையான பழுப்பு இறகுகளாக நின்று தோகைக்கு முட்டுக் கொடுக்கிறது. மயில் விரித்தாடும்போது எல்லோரும் முன்னால் நிற்பதால் இது கண்ணில் படுவதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தோகை உதிர்ந்து மறுபடி வளரும். உதிர்ந்த பீலி ஒன்றைக் கையில் எடுத்தால் நடுவே தண்டு, அதிலிருந்து இரு பக்கமும் இழைகள், ஒவ்வொரு இழையிலும் கண்ணுக்குச் சட்டென்று புலப்படாத நுண்ணிழைகள். கண் போன்ற நீலப் புள்ளியைத் தூளாக அரைத்துப் பாருங்கள், நீலத் தூள் கிடைக்காது. மங்கிய பழுப்புத் தூள்தான் மிஞ்சும். ஏனென்றால் மயிலிறகில் நீலச் சாயம் என்று ஒன்று கிடையாது.

நுண்ணிழையின் மேற்பரப்புக்கு அடியில் மெலனின் குச்சிகள் கட்டம் கட்டமாக அடுக்கப்பட்டிருக்கின்றன. மெலனின் என்பது நம் தலைமுடிக்குக் கறுப்பைத் தரும் அதே பொருள். குச்சிகளுக்கு இடையே நகத்தில் இருக்கும் அதே கெரட்டினும் கொஞ்சம் காற்றும். நீலம் தெரியும் இடத்தில் குச்சிக்குக் குச்சி இடைவெளி சுமார் 140 நானோமீட்டர். மஞ்சள் தெரியும் இடத்தில் சுமார் 165. ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் ஒரு பங்குதான் ஒரு நானோமீட்டர். அந்த அளவில் இருபத்தைந்து பங்கு கூடினால் நீலம் மஞ்சளாகிவிடுகிறது. பொருள் மாறவில்லை, அடுக்கியதில் உள்ள இடைவெளிதான் மாறியது.

இந்த மெலனினைத் தயாரிப்பவை நிறமிச் செல்கள். இறகு முளைக்கும் குழியில் அவை மெலனினைத் தயாரித்துப் பக்கத்தில் உள்ள இறகுச் செல்களிடம் கொடுக்கின்றன. இறகுச் செல்கள் அதை வாங்கிக்கொண்டு, கெரட்டினால் நிரம்பி, செத்துப்போகின்றன. நாம் வியந்து பார்க்கும் தோகை முழுவதும் இறந்த செல்களின் வேலை.

இனி வெள்ளை மயிலுக்கு வருவோம். நிறமிச் செல்கள் தோலில் பிறப்பவை அல்ல. முட்டைக்குள் குஞ்சு உருவாகும் ஆரம்ப நாட்களில், தண்டுவடம் அமையும் இடத்தை ஒட்டி முதுகுப் பக்கத்தில் பிறந்து, அங்கிருந்து நகர்ந்து நகர்ந்து உடலெங்கும் தோலுக்குப் போகின்றன. வெள்ளை மயிலில் மரபணு மாற்றம் ஒன்றால் அவை தோலுக்குப் போய்ச் சேருவதில்லை. குச்சி அடுக்க மெலனின் இல்லை. வெறும் கெரட்டின் எல்லா நிறத்தையும் ஒன்றுபோலச் சிதறடிப்பதால் இறகு வெள்ளையாகத் தெரிகிறது. உற்றுப் பார்த்தால் அதிலும் கண் வடிவம் மங்கலாகத் தெரியும். இறகின் கட்டமைப்பு முழுசாக இருக்கிறது, அடுக்கவேண்டிய சரக்குதான் வரவில்லை.

அல்பினோ இல்லை என்பதற்குச் சாட்சி அதன் கண். அல்பினோவில் நிறமிச் செல்கள் இடம் சேர்ந்திருக்கும், மெலனின் செய்யத் தெரியாது. அதனால் கண்ணும் சிவந்து தெரியும். வெள்ளை மயிலின் கண் சிவப்பல்ல. விழித்திரையை ஒட்டிய நிறமிச் செல்கள் முதுகிலிருந்து பயணப்படுவதில்லை, கண் உருவாகும் இடத்திலேயே உருவாகின்றன. பயணம் கெட்டாலும் அவற்றுக்குக் கேடில்லை.

பள்ளிப் பாடத்தில் செல், திசு, உறுப்பு, உறுப்பு மண்டலம், உயிரி என்று வரிசையாக மனப்பாடம் செய்தோம். அந்த வரிசை தப்பில்லை. ஆனால் அதில் ஒரு முக்கியமான விஷயம் விடுபடுகிறது: செல்கள் குவிந்தால் உடல் ஆகிவிடாது. எது எங்கே போக வேண்டும், எதைச் செய்ய வேண்டும், எதைச் செய்யக் கூடாது, எப்போது சாக வேண்டும் என்ற ஏற்பாடு இருந்தால்தான் உடல்.

செல்லைப் பற்றிய வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1665-ல் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக் தக்கையை மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்து, அதிலிருந்த சிறு அறைகளுக்குச் ‘செல்’ என்று பெயர் வைத்தார். அவர் பார்த்தவை செத்த செல்களின் சுவர்கள். 1838, 1839-ல் ஷ்லைடன் தாவரங்களுக்கும் ஷ்வான் விலங்குகளுக்கும் செல்லே அடிப்படை என்றார்கள். ஒவ்வொரு செல்லும் இன்னொரு செல்லிலிருந்துதான் வரும் என்ற கருத்தை 1850-களில் பரப்பியவர் விர்ஹோ. செல் என்றால் எப்போதும் கண்ணுக்குத் தெரியாதது என்றும் நினைக்க வேண்டாம். கருவுறாத முட்டையின் மஞ்சள் கரு ஒரே செல். கருவுற்ற முட்டை என்றால், மயில் அதை இடும்போதே மஞ்சள் கருவின் மேல் உள்ள வெள்ளைப் புள்ளியில் ஆயிரக்கணக்கான செல்கள் சேர்ந்துவிட்டிருக்கும். 28 நாள் அடைகாத்தால் குஞ்சு.

தனிச் செல்கள் கூட்டாக வாழ ஆரம்பித்தபோது என்ன நடந்தது? அதற்கு விடை குளத்து நீரில் இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எம்.ஓ.பி. அய்யங்கார், தென்னிந்தியக் குளம் குட்டைகளில் வாழும் வால்வாக்ஸ் குடும்பத்துப் பாசிகளைப் பற்றி 1933-ல் ஒரு விரிவான ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். இந்தியப் பாசியியலின் தந்தை என்று இன்றும் அவரைத்தான் சொல்கிறார்கள். வால்வாக்ஸ் என்பது உருண்டையான பச்சைப் பாசி; வெறும் கண்ணுக்கே சிறு புள்ளியாகத் தெரியும் அளவு. அதன் உறவுக்காரப் பாசியான கிளாமிடோமோனாஸ் ஒற்றைச் செல். நீந்துவதும் அதுதான், உணவு தயாரிப்பதும் அதுதான், பிள்ளை பெறுவதும் அதுதான். வால்வாக்ஸின் ஒரு வகையில் சுமார் 2,000 சிறு செல்கள் மேலே நின்று சாட்டை போன்ற இழைகளை அடித்து உருண்டையை நீந்த வைக்கின்றன. உள்ளே பதினாறு பெரிய செல்கள். இனப்பெருக்கம் செய்வது அந்தப் பதினாறு மட்டும். சேய் உருண்டைகள் வெளியேறியதும் நீந்திய இரண்டாயிரமும் செத்துப்போகின்றன. தன் வம்சத்தை விட்டுக்கொடுத்த செல்கள் அவை. மயிலின் இறகுச் செல்லும், நம் தோல் செல்லும் அதே ஒப்பந்தத்தில்தான் இருக்கின்றன. மனித உடலில் சுமார் 30 லட்சம் கோடி செல்கள், ஏறக்குறைய 200 வகைகள். அவற்றில் அடுத்த தலைமுறைக்குப் போகக்கூடியவை கருமுட்டையும் விந்தணுவும்தான்.

ஒரே மாதிரி வேலை செய்யும் செல்கள் சேர்ந்தால் திசு. பல திசுக்கள் சேர்ந்தால் உறுப்பு. இதை மாட்டின் வயிற்றில் பார்ப்பது நல்லது, அதிலும் ரமணாசிரமத்தில் பசுவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1926-ல் கன்றாக வந்த லட்சுமி 1948 ஜூன் 18-ல் இறந்தது. அதன் சமாதி ஆசிரம வளாகத்தில் இருக்கிறது.

வைக்கோலையும் புல்லையும் தின்கிறதே தவிர, அதில் உள்ள செல்லுலோஸைச் செரிக்கும் நொதி எந்தப் பசுவுக்கும் கிடையாது. அந்த வேலையைச் செய்பவை அதன் முதல் வயிற்றில் குடியிருக்கும் பாக்டீரியாக்களும் ஒற்றைச் செல் உயிர்களும். பெரிய மாட்டின் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும். உள்ளே ஆக்சிஜன் ஏறக்குறைய இல்லை, சூடு 39 டிகிரி. நுண்ணுயிர்கள் புல்லை நொதிக்கவைத்துக் கொழுப்பு அமிலங்களாக மாற்றுகின்றன. பசுவுக்கு வேண்டிய சக்தியில் பெரும்பங்கு அதிலிருந்துதான் வருகிறது. அந்த அமிலங்களை உறிஞ்சுவது வயிற்றின் உள்தோல், அதாவது எபிதீலியத் திசு. அது சமதளமாக இருந்தால் பரப்பு போதாது, ஆகவே குளிக்கிற துண்டுபோல முழுக்க முடிச்சு முடிச்சாக நீட்டிக்கொண்டிருக்கும். ஆட்டுக்குடல் கழுவியவர்களுக்கு இது கைப்பழக்கம். அதன் கீழே இரத்தக் குழாய்களைத் தாங்கிப் பிடிக்கும் இணைப்புத் திசு. அதற்கும் வெளியே தசைத் திசு, நிமிடத்துக்கு ஓரிரு முறை சுருங்கி உள்ளே இருப்பதைக் கலக்கிவிடுகிறது. எப்போது சுருங்க வேண்டும் என்று சொல்வது நரம்புத் திசு. விலங்குகளின் நான்கு திசுக்களும் ஒரே சுவரில். இதில் எந்தத் திசுவைத் தனியாக எடுத்தாலும் அது வயிறு ஆகாது.

இந்த வயிறு பிறக்கும்போதே தயாராக இருப்பதும் இல்லை. கன்று மடியில் வாய் வைத்து உறிஞ்சும்போது உணவுக்குழாயின் முடிவில் ஒரு மடிப்பு குழாய்போல மூடிக்கொள்ள, பால் முதல் வயிற்றைத் தொடாமல் நான்காவது அறைக்குப் போகிறது. கன்று புல்லைக் கொறிக்கத் தொடங்கி, நுண்ணுயிர்கள் குடியேறிய பிறகுதான் முதல் வயிறு பெருக்கிறது. வாய், நான்கு அறை வயிறு, குடல், கல்லீரல் எல்லாம் சேர்ந்தது செரிமான மண்டலம். அது இரத்த ஓட்ட மண்டலத்துக்குக் கொடுக்க, அது மடிவரை கொண்டுபோக, புல் பாலாகிறது.

மரங்களுக்கும் இதே வரிசைதான், ஆனால் விலங்கைவிடக் கட்டுப்பாடு தளர்வு. ஆசிரம முன்றிலில் நிற்கும் பழைய இலுப்பை மரத்தின் தண்டில் நீரை மேலேற்றும் சைலக் குழாய்கள் செத்த செல்கள். இலை செய்த உணவை இறக்கும் புளோயம் பட்டையை ஒட்டி இருக்கும் உயிருள்ள செல்கள். பட்டையைச் சுற்றிலும் வளையமாகச் செதுக்கிவிட்டால் மரம் உடனே வாடாது, நீர் ஏறிக்கொண்டே இருக்கும். வேர் பட்டினியில் செத்த பிறகுதான் மேலே தெரியும். ஆலையில்லா ஊருக்குச் சர்க்கரையாகிய இலுப்பைப் பூவின் இனிப்பும் இலையில் பிறந்து புளோயம் வழியாக வந்ததுதான். கிளையை ஒடித்தால் மயிலுக்குக் கால் போனதுபோல் ஆகாது. நுனிகளிலும் மொட்டுகளிலும் எந்த வேலைக்கும் இன்னும் ஒதுக்கப்படாத செல்கள் காத்திருக்கின்றன.

ஏற்பாட்டுக்குள் அடங்காத செல் என்ன செய்யும் என்பதற்கான எடுத்துக்காட்டும் இதே ஆசிரமத்தின் வரலாற்றில் இருக்கிறது. ஆசிரமத்துக்குப் பெயர் தந்த ரமணரின் இடது முழங்கையருகே ஒரு சிறு கட்டி தோன்றியது. 1949 பிப்ரவரியில் அதை அகற்றினார்கள். ஒரு மாதத்துக்குள் முன்னைவிடப் பெரிதாக வந்தது. பரிசோதனையில் சார்கோமா என்று தெரிந்தது. இணைப்புத் திசுவில், அதாவது எலும்பு, கொழுப்பு, நார், நரம்புறை போன்ற உடலைத் தாங்கிப் பிடிக்கும் பகுதிகளில் தோன்றும் புற்றுநோய் சார்கோமா. எபிதீலியத் திசுவில் வருவது கார்சினோமா. புற்றுநோய்களில் பெரும்பாலானவை அந்த வகை. வயது வந்தவர்களின் புற்றுநோய்களில் சார்கோமா நூற்றுக்கு ஒன்றளவுதான். ஆக, நோய்க்குப் பெயர் வைப்பதே எந்தத் திசுவிலிருந்து கிளம்பியது என்பதைப் பார்த்துத்தான்.

உடலில் ஒரு செல் பிரிய வேண்டுமானால் சுற்றியிருக்கும் செல்களின் அனுமதி வேண்டும். பழுதானால் தானே செத்துப்போக வேண்டும். இந்த இரண்டையும் கட்டுப்படுத்தும் மரபணுக்கள் கெட்டுப்போன செல்லும் அதன் வழித்தோன்றல்களும் பெருகிக்கொண்டே போகின்றன. அறுத்தெடுத்த இடத்தின் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத சில செல்கள் தங்கினால் போதும், கட்டி திரும்பிவிடும். ரேடியம் வைத்துப் பார்த்தார்கள். கதிர்வீச்சு பிரியும் செல்களின் டி.என்.ஏ.-வை உடைக்கும். மொத்தம் நான்கு அறுவைச் சிகிச்சைகள், கடைசியாக 1949 டிசம்பரில். கையையே எடுத்துவிடலாம் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். செல்லின் மட்டத்தில் அடக்க முடியாததை உறுப்பின் மட்டத்தில் வெட்டி நிறுத்தும் யோசனை அது. ரமணர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு காலமானார்.

ஓர் உயிர் எங்கே முடிகிறது என்பது மட்டும் இந்த வரிசையில் தெளிவாக இல்லை. பசுவின் வயிற்று நுண்ணுயிர்களைப் பசுவின் கணக்கில் சேர்ப்பதா? இன்னும் சிக்கலான ஒன்று பாறைகளில் இருக்கிறது. வெயில் காயும் பாறையில் சாம்பலும் இளம்பச்சையுமாகத் தேமல் விழுந்ததுபோல் ஒட்டியிருக்கும் லைக்கன் பார்வைக்கு ஒரு செடி. 1860-களில் சுவிட்சர்லாந்தின் சைமன் ஷ்வெண்டனர் அது பூஞ்சையும் பாசியும் கூட்டுச் சேர்ந்தது என்று சொன்னபோது லைக்கன் நிபுணர்கள் பலர் கோபப்பட்டார்கள். பூஞ்சை இடமும் ஈரமும் தருகிறது, பாசி வெயிலில் உணவு செய்கிறது. வேரில்லை, இலையில்லை, ஆனாலும் அதற்கென்று வடிவம் உண்டு. அந்த வடிவத்தைப் பாசி தனியாக எடுப்பதில்லை, பூஞ்சையும் தனியாக எடுப்பதில்லை. செட்டிநாட்டு மசாலாவில் சேரும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். மளிகைக் கடையில் அதை ஒற்றைப் பொருளாகவே நிறுத்துக் கொடுக்கிறார்கள்.