தீனாள் வாய் திறந்தபோது

விவிலியப் பெண்கள், புனைகதை, வாசகர் – 6

ஆதியாகமத்தின் 34-ஆம் அதிகாரத்தில் 31 வசனங்கள். ஏமோர் பேசுகிறான், அவன் மகன் சீகேம் பேசுகிறான், யாக்கோபின் மகன்கள் பேசுகிறார்கள், கடைசியில் யாக்கோபும் பேசுகிறான். யாரை முன்னிட்டு இத்தனை பேச்சும் நடக்கிறதோ அந்தத் தீனாள் மட்டும் வாயே திறப்பதில்லை.

லேயாள் பெற்ற மகள் தீனாள், அந்த நாட்டுப் பெண்களைப் பார்க்கப் புறப்பட்டுப் போகிறாள். அந்நாட்டுப் பிரபுவின் மகன் சீகேம் அவளைப் பிடித்துக் கெடுத்துவிடுகிறான். பிறகு அவள்மேல் மனம் பற்றி, எவ்வளவு பரிசம் கேட்டாலும் தருகிறேன், பெண் கொடுங்கள் என்று தகப்பனோடு வந்து நிற்கிறான். ஊர் ஆண்கள் எல்லோரும் விருத்தசேதனம் செய்துகொண்டால் தருகிறோம் என்று தீனாளின் சகோதரர்கள் சூதாகச் சொல்கிறார்கள். ஊர் ஒப்புக்கொள்கிறது. மூன்றாம் நாள், புண் ஆறாமல் அவர்கள் வலியில் கிடக்கும்போது சிமியோனும் லேவியும் பட்டயத்தோடு புகுந்து ஆண்கள் அத்தனை பேரையும் வெட்டிச் சாய்க்கிறார்கள். சீகேமின் வீட்டிலிருந்து தீனாளைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள். அக்கம்பக்கத்தார் திரண்டு வந்தால் நாம் அழிந்துபோவோமே என்று யாக்கோபு பதறுகிறான். எங்கள் சகோதரியை ஒரு வேசியாக நடத்த விடுவதா என்று மகன்கள் திருப்பிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியோடு அதிகாரம் முடிகிறது.

தீனாளுக்கு அப்புறம் என்ன ஆயிற்று? எகிப்துக்குப் போன குடும்பத்தின் பட்டியலில் ஒருமுறை அவள் பேர் வருகிறது. சாகும் தறுவாயில் யாக்கோபு, சிமியோன் லேவி இருவரின் கோபத்தைச் சபிக்கிறான். மகளைப் பற்றி அப்போதும் அவன் ஒன்றும் சொல்வதில்லை.

சென்ற வாரம் பிரான்சின் ரிவர்ஸின் ஐந்து குறுநாவல்களைப் பார்த்தோம். தாமார், ராகாப், ரூத், பத்சேபாள், மரியாள் ஆகிய ஐந்து பெண்களையும் அவர் வேதத்தின் வரம்புக்குள் நின்று எழுதினார். ஒவ்வொரு கதைக்குப் பின்னும் வேதபாடக் கேள்விகள் அச்சாகியிருந்தன. இந்த வாரம் நாம் எடுத்துக்கொள்ளும் நாவல் அந்த வரம்பைத் துணிந்து தாண்டியது. அதற்கு வந்த பதில்களும் அதே அளவு துணிச்சலானவை.

அனிதா டயமண்ட் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்துப் பத்திரிகையாளர். யூதத் திருமணம், யூத இல்லற வாழ்வு பற்றி வழிகாட்டி நூல்கள் எழுதிப் பேர் வாங்கியவர். 1997-இல் அவருடைய முதல் நாவல் ‘தி ரெட் டென்ட்’ வந்தது. சிவப்புக் கூடாரம். கதை முழுவதையும் தீனாளே சொல்கிறாள். லேயாள், ராகேல், சில்பாள், பில்காள் என்று அவளுக்கு நான்கு தாய்மார். அத்தனை மகன்களுக்கு நடுவே ஒரே மகள். தாய்மார் தங்கள் கதைகளைச் சொல்லி வைக்க அவர்களுக்கு அவளை விட்டால் வேறு செவி இல்லை. மாதவிலக்கு நாட்களிலும் பிரசவத்திலும் பெண்கள் கூடித் தங்கும் கூடாரத்தில்தான் அவள் வளர்கிறாள், மருத்துவம் பார்க்கக் கற்கிறாள்.

நாவலில் சீகேமுக்கு ஷாலேம் என்று பேர். அங்கே பலாத்காரம் இல்லை. இருவரும் விரும்பியே சேர்கிறார்கள். அவள் பக்கத்தில் உறங்கிக்கொண்டிருக்கும்போதே அவள் சகோதரர்கள் அவனைக் கொல்கிறார்கள். அவன் ரத்தத்தில் நனைந்து விழிக்கும் தீனாள், தகப்பனையும் சகோதரர்களையும் சபித்துவிட்டு எகிப்துக்குப் போகிறாள். அங்கே ஒரு மகனைப் பெறுகிறாள், பேர்பெற்ற மருத்துவச்சி ஆகிறாள்.

புத்தகம் வந்த புதிதில் பெரிய விளம்பரம் இல்லை, விற்பனையும் மந்தம். விற்காத பிரதிகள் கூழாக்கப்படும் நிலை வந்தபோது, அவற்றைப் பெண் ரபிகளுக்கு அனுப்பிவைக்கும்படி டயமண்ட் பதிப்பகத்தைக் கேட்டுக்கொண்டார். அதற்குப் பின் கதை வாய்வழியாகப் பரவியது. பெண் மதகுருக்கள் பேசினார்கள், வாசகர் வட்டங்கள் கையில் எடுத்தன, சிறிய புத்தகக் கடைக்காரர்கள் வருகிறவர்களிடம் எடுத்துக் கொடுத்தார்கள். சில ஆண்டுகளில் நியூயார்க் டைம்ஸ் பட்டியலில் ஏறி, இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் வெளியானது. 2014 டிசம்பரில் ரெபெக்கா பெர்குசன் தீனாளாக நடிக்கத் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. வாசகர்களே தூக்கி நிறுத்திய நாவல் இது. ஆகவே அவர்கள் சொன்ன பதில்களைத் தனியாகக் கவனிக்க வேண்டும்.

முதல் பதில் நன்றி. மாதவிலக்கைத் தீட்டாக அல்லாமல் இளைப்பாறும் காலமாகக் காட்டிய கதையைப் பெண்கள் தங்கள் மகள்களுக்கு வாங்கிக் கொடுத்தார்கள். லேவியராகமம் 12-ஆம், 15-ஆம் அதிகாரங்களில் பிரசவமும் உதிரப்போக்கும் அசுத்தம் என்ற கணக்கிலேயே வருகின்றன. அந்தச் சட்டத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, அதே முற்பிதாக்களின் வீட்டுப் பெண்கள் வெட்கமின்றிக் கூடிச் சிரிப்பதைப் படிப்பது எத்தனை பெரிய விடுதலை என்பதை நாம் எளிதில் புரிந்துகொள்ளலாம். மருத்துவச்சிகளுக்கு இந்த நாவல்மேல் தனிப் பிரியம். தங்கள் தொழிலை வேதகாலம் வரை கொண்டுபோய்ச் சேர்த்த கதை அல்லவா?

சில வாசகிகள் படித்ததோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் பல ஊர்களில் மாதம் ஒருமுறை ஓர் அறையைச் சிவப்புத் துணியால் மூடி, பெண்கள் கூடி உட்கார்ந்து பேசும் வழக்கத்தைத் தொடங்கினார்கள். 2012-இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமும் வந்தது. யாக்கோபின் காலத்தில் இப்படி ஒரு கூடாரம் இருந்ததற்குச் சரித்திர ஆதாரம் கிடையாது, வேறு சமூகங்களின் வழக்கத்திலிருந்து எடுத்துக்கொண்டேன் என்று டயமண்ட் ஒளிக்காமல் சொல்லிவந்தார். ஆனாலும் கூடாரங்கள் எழுந்தன. பேசுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்ற தேவை அந்தப் பெண்களிடம் ஏற்கெனவே இருந்தது. நாவல் அதற்கு ஓர் உருவம் கொடுத்தது.

இரண்டாவது பதில் கோபம். யூதர்களிலும் கிறிஸ்தவர்களிலும் பக்தியுள்ள வாசகர்கள் பலர் மனம் புண்பட்டார்கள். இஸ்ரவேலின் தாய்மாரை விக்கிரகம் வைத்து வணங்குகிறவர்களாகவும், யாக்கோபைக் கோழையாகவும், அவன் மகன்களைக் கொடூரர்களாகவும் காட்டலாமா என்று கேட்டார்கள்.

இதற்குப் பாதி விடை வேதத்திலேயே இருக்கிறது. ராகேல் தன் தகப்பன் லாபானின் சுரூபங்களைத் திருடி, ஒட்டகச் சேணத்தின்கீழ் ஒளித்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டு, எனக்கு மாதவிலக்கு, எழுந்திருக்க முடியாது என்று சொல்லித் தப்பியதை ஆதியாகமம் 31 சொல்கிறது. சீகேமின் படுகொலை முடிந்த அடுத்த அதிகாரத்திலேயே, தன் வீட்டார் வைத்திருந்த அந்நிய தெய்வங்களையெல்லாம் வாங்கி யாக்கோபு ஒரு மரத்தடியில் புதைக்கிறான். ஆக, அந்த வீட்டில் வேறு தெய்வங்கள் இருந்தன என்பது நாவலாசிரியையின் கற்பனை இல்லை. நாவலை மறுக்கவேண்டும் என்று வேதத்தைத் திறந்தவர்கள், பல காலமாகத் தாண்டிப்போன பக்கங்களை நின்று படிக்கவேண்டியிருந்தது.

மற்றப் பாதியில் கோபக்காரர்கள் பக்கம் நியாயம் உண்டு. வேதத்தில் வரும் யாக்கோபு ஏமாற்றுகிறான், ஏமாறுகிறான், பயப்படுகிறான், இரவு முழுக்கப் போராடி ஆசீர்வாதம் வாங்கி நொண்டிக்கொண்டு போகிறான், யோசேப்புக்காக அழுது தேற மறுக்கிறான். அத்தனை சிக்கலான ஒரு மனிதனை டயமண்டின் நாவல் சிறிதாக்கிவிட்டது. பெண்களை முழுமையாக வரைய ஆண்களைத் தட்டையாக்க வேண்டிய அவசியம் இல்லை.

மூன்றாவது பதில் எல்லாவற்றிலும் கூர்மையானது. அது பெண்களிடமிருந்தே வந்தது. கெடுக்கப்பட்ட ஒருத்தியின் கதையைக் காதல் கதையாக மாற்றலாமா என்பதே அது. சீகேம் பிற்பாடு நடந்துகொண்ட விதம் பலாத்காரம் செய்தவனின் நடத்தையாகத் தனக்குத் தெரியவில்லை என்பது டயமண்டின் வாதம். அவன் அவளை நேசிக்கிறான், ஆறுதல் சொல்கிறான், மணம் கேட்கிறான். தாவீதின் மகன் அம்னோன் தன் சகோதரி தாமாரைக் கெடுத்த கையோடு வெறுத்துத் துரத்தியதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. விவிலிய அறிஞர்களிலும் இதை இன்றைய பொருளில் பலாத்காரம் என்று கொள்ளமுடியுமா என்று கேட்டவர்கள் உண்டு. 1994-இல் லின் பெக்டெல் எழுதிய கட்டுரை அந்த விவாதத்தைக் கிளப்பியது. மறுத்து எழுதியவர்களும் உண்டு.

நான் மறுக்கிறவர்களோடு நிற்கிறேன். வன்முறைக்குப் பின்னால் வரும் கல்யாணப் பேச்சு வன்முறையை அழித்துவிடாது. கெடுத்தவனுக்கே கட்டிவைக்கும் ஏற்பாடு உபாகமம் 22-ஆம் அதிகாரத்துச் சட்டத்திலேயே இருக்கிறது. அந்த ஏற்பாட்டில் சிக்கிய பெண்களுக்கு அது காதல் இல்லை. தீனாளுக்குக் குரல் கொடுத்த நாவல், அவளுக்கு நேர்ந்ததை மாற்றிய பிறகே அந்தக் குரலைக் கொடுத்தது. தன் வாழ்விலும் அப்படி ஒன்று நடந்து, அதைச் சொல்ல வாயில்லாமல் இருக்கும் ஒரு வாசகி தீனாளைத் தேடி வந்தால், இந்த நாவலில் அவளைக் காணமாட்டாள். இதை உரக்கச் சொன்ன வாசகிகள் அந்த நாவலுக்கு மிகப் பெரிய மரியாதை செய்தார்கள் என்றே நினைக்கிறேன். தீனாளை அவர்கள் அத்தனை உண்மையானவளாக எடுத்துக்கொண்டார்கள்.

இப்படிப் பதில் சொன்ன முதல் வாசகர்கள் இவர்கள் அல்ல. யூதித்து ஆகமத்தின் நாயகி, எதிரியின் பாளையத்துக்குப் போகுமுன் செபிக்கும்போது தன் முன்னோன் சிமியோனின் பட்டயத்தைப் பெருமையோடு நினைவுகூர்கிறாள். ஐந்தாம் நூற்றாண்டையொட்டித் தொகுக்கப்பட்ட ஆதியாகம மித்ராஷ் என்ற யூத விளக்கவுரையில் ரபிகள், தீனாள் வெளியே போனதற்குத் தாய் லேயாளைச் சாடினார்கள்: தாயும் வெளியே போகிறவள், மகளும் அப்படித்தான். அதே நூல் யாக்கோபையும் விட்டுவைக்கவில்லை. ஏசாவின் கண்ணில் படாதபடி மகளைப் பெட்டியில் அடைத்தான், அதற்கான தண்டனை இது என்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கிளேர்வோவின் புனித பெர்னார்டு, வேடிக்கை பார்க்கும் ஆசையின் கேட்டுக்குத் தீனாளைச் சான்று காட்டினார். சீர்திருத்தவாதி கால்வினும் பெண்பிள்ளைகளை வீட்டோடு வைக்கவேண்டும் என்ற பாடத்தையே இந்த அதிகாரத்திலிருந்து எடுத்தார்.

பழிக்கு நடுவே இரக்கமும் உண்டு. தீனாள் யோபுவுக்கு மனைவியானாள் என்று ஒரு மரபு. அவள் பெற்ற பெண்குழந்தையின் கழுத்தில் யாக்கோபு திருநாமம் எழுதிய தகடு கட்டி அனுப்பினான், தேவதூதன் மிகாவேல் அதை எகிப்துக்குக் கொண்டுபோனான், அவளே பின்னாளில் யோசேப்பின் மனைவி ஆஸ்நாத் என்று மற்றொரு மரபு. டயமண்டுக்கு ஆயிரம் வருடத்துக்கு முன்பே தீனாளின் பிள்ளையை யாரோ எகிப்தில் கரைசேர்த்திருக்கிறார்கள்! அவளை அப்படியே விட்டுவிட வாசகர்களுக்கு எந்தக் காலத்திலும் மனம் வரவில்லை.

ஆனால் இந்தப் பழைய வாசகர்கள் எல்லோரும் தீனாளைப் பற்றிப் பேசினார்கள். அவள் ஏன் போனாள், யார் மேல் குற்றம், யார் அவளைக் கட்டிக்கொள்வார் என்றுதான் கேட்டார்கள். உனக்கு என்ன நடந்தது, நீ என்ன விரும்பினாய் என்று அவளிடமே கேட்ட முதல் நாவல்களில் ஒன்று டயமண்டுடையது. அவர் எழுதிவைத்த விடையை நாம் மறுக்கலாம். அந்தக் கேள்வியை இனி யாரும் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது. நாவலை வெறுத்த வாசகியும் நேசித்த வாசகியும் ஒன்றுபடும் இடம் இதுதான்: பலாத்காரமோ காதலோ, பரிசம் பேசியபோதும் பட்டயம் எடுத்தபோதும் ஒருவரும் தீனாளைக் கேட்கவில்லை.

இந்த நாவலின் பாதை நம் ஊர் வரையும் நீள்கிறது. 2019-இல் ஆஸ்கர் வென்ற ‘பீரியட். எண்ட் ஆஃப் சென்டென்ஸ்.’ என்ற ஆவணக் குறும்படம், உத்தரப்பிரதேசத்தின் காத்திகேரா கிராமத்துப் பெண்கள் நாப்கின் தயாரிப்பதைக் காட்டியது. அவர்கள் கையில் இருந்த இயந்திரம் கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தம் கண்டுபிடித்தது. அந்தப் படத்தின் தலைப்பையே தாங்கி, மாதவிலக்கைச் சுற்றிய வெட்கத்தையும் அநீதியையும் பற்றி 2021-இல் ஒரு நூல் வந்தது. எழுதியவர் அனிதா டயமண்ட். கற்பனைக் கூடாரத்தில் தொடங்கியவர் இருபது வருடத்துக்குப் பின் கழிப்பறை இல்லாத பள்ளிக்கூடங்களையும் படிப்பை நிறுத்தும் சிறுமிகளையும் பற்றி எழுத வந்ததில் எனக்கு வியப்பில்லை. வாசகிகள் அந்தக் கதையிலிருந்து எடுத்துக்கொண்டது எது என்பதை அவர் கவனித்திருக்கிறார்.

வாசகர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நாவலைப் படிப்பதானால் ஆதியாகமம் 34-ஐயும் பக்கத்தில் திறந்து வையுங்கள். ஒன்றை வைத்து மற்றதை அடைக்கவேண்டாம். உங்கள் சபையிலோ வீட்டிலோ இந்த அதிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்து, அவள் எதற்கு வெளியே போனாள் என்று யாராவது தொடங்கினால், அங்கேயே நிறுத்தி, சீகேம் எதற்கு அவளைப் பிடித்தான் என்று கேளுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குகிறவர்களுக்கே தீனாளுக்குப் பதில் சொல்லும் தகுதி உண்டு.

அடுத்த வாரம்: கோல்ம் டோபீன் எழுதிய மரியாளின் கதை. மேடையேறியபோது அரங்க வாசலில் எதிர்ப்பாளர்கள் கூடி நின்ற நாடகம் அது.

(தொடரும்)