ஒட்டுவதற்கு முன் திருப்பிப் பாருங்கள்!

அப்பாவின் பழைய காரில் டேஷ்போர்டு பெட்டி மூடியின் கொக்கி உடைந்தது. உதிரிபாகம் கிடைக்கவில்லை, காரை விற்க அப்பாவுக்கு மனமும் இல்லை. உடனடிப் பசையால் ஒட்டினேன். இரண்டே நாளில் பெயர்ந்து விட்டது.

மூடியைத் திருப்பிப் பார்த்தால் ‘பி.பி.’ என்ற எழுத்துகள். அதாவது பாலிபுரோப்பிலீன். இதில் சாதாரணப் பசைகள் பிடிக்காது. சால்டரிங் அயர்னைச் சூடாக்கி, விரிசலின் பின்புறம் மெல்லிய கம்பி வலையை உருக்கிப் பதித்தேன். நின்று விட்டது!

‘ஏ.பி.எஸ்.’ என்றிருந்தால் அசிட்டோன் போதும். அது பிளாஸ்டிக்கையே கரைத்து இணைக்கும். உங்கள் கம்ப்யூட்டர் கேபினட்டின் முன்பலகையும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆனால் அதைத் தனியே கழற்றிய பிறகே ஒட்டுங்கள். அசிட்டோன் பட்டால் மானிட்டர் திரை பாழாகும். எளிதில் தீயும் பற்றும். எந்த முறையானாலும் ஜன்னலைத் திறந்து வையுங்கள்.