மலையில் தண்ணீர் முந்திக் கொதிக்கும்

பொத்தானை அமுக்கியதும் பால் தேநீரோ கோப்பியோ ஊற்றித் தரும் மெஷின்கள் இலங்கையின் வீதியோரக் கடைகளுக்குப் பழக்கமானவை. பலாங்கொடையிலிருந்து ஏ4 வீதியில் ஹல்துமுல்லை, பெரகலை என்று ஏறி வருபவருக்குக் குளிரில் அந்தக் கோப்பை பெரிய ஆறுதல். ஆனால் கொழும்பில் ஒழுங்காக ஓடிய மெஷின் மலைக்கு வந்ததும் முரண்டு பிடிக்கலாம்.

“பாஸ், மோட்டர் போச்சு போல, தூள் விழுதில்ல” என்பார் கடைக்காரர். மோட்டரை மாற்றினாலும் சில நாளில் அதே கதைதான். தேர்ந்த திருத்துநர் மோட்டரைத் தொடுமுன் தண்ணீர்த் தொட்டியின் வெப்பநிலையைப் பார்ப்பார்.

கடல் மட்டத்தில் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும் தண்ணீர், சுமார் 1,400 மீற்றர் உயரமுள்ள ஹப்புத்தளையில் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடும். திறந்த தொட்டியுள்ள மெஷினை 97 பாகைக்குச் செட் பண்ணியிருந்தால் தண்ணீர் அந்தச் சூட்டை எட்டவே எட்டாது. ஹீட்டர் ஓயாமல் வேலை செய்யும், ஆவி மேலெழும். அந்த ஈரம் தூள் விழும் வாயில் படிய, பால்மாவும் சீனியும் கட்டியாகி, தூளைத் தள்ள மோட்டர் சுழற்றும் திருகை இறுக்கிவிடும். பாவம், மோட்டர் என்ன செய்யும்? செட்டிங்கை இறக்கி, வாயைக் கழற்றிக் கழுவி, நன்றாக உலர்த்திப் பூட்டினால் போதும்.

காசு போட்டு ஆடும் விளையாட்டு மெஷின்களில் வேறு தலைவலி. உள்ளே விழும் காசின் அகலம், தடிப்பு, உலோகம் மூன்றையும் உணரிகள் சோதிக்கின்றன. பித்தளைப் பூச்சுள்ள பழைய 5 ரூபாயும், 2017 முதல் துருப்பிடிக்காத உருக்கில் வந்த 5 ரூபாயும் நமக்கு ஒரே பெறுமதி. மெஷினுக்கு இரண்டும் வேறு வேறு. புதிய காசைப் பழக்கிக் கொடுக்காவிட்டால் அதைத் துப்பிவிடும்.

நுவரெலியாவின் ஏப்ரல் சீசனில் சுழலும் ராட்டினங்களுக்கு வந்தால் பொறுப்பு பலமடங்கு. அங்கே பழுது என்றால் காசு நஷ்டத்தோடு முடியாது, உயிர் போகும். போல்ட், பெயாரிங், பிரேக் எல்லாவற்றையும் பார்த்து, ஆளேற்றாமல் ஓட்டிய பிறகே பிள்ளைகளை ஏற்ற வேண்டும்.

ஹப்புத்தளைக்கு அருகே தம்பேதன்னைத் தேயிலைத் தொழிற்சாலை 1890இல் எழுந்த இந்த மலைத்தொடரில் மெஷின் அறிவு புதிதல்ல. கொழுந்து அரைக்கும் ரோலரின் சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்பவர்கள் தோட்டங்களில் இருக்கிறார்கள். பலரிடம் இல்லாதது சான்றிதழ்தான். அதற்கும் வழியுண்டு. தேசிய தொழிற்தகைமை முறையில், வகுப்புக்குப் போகாமல் வேலை செய்து கற்றவர்களும் தம் அனுபவத்துக்கான ஆதாரங்களைக் காட்டி, செய்முறைத் தேர்வில் தேறினால் சான்றிதழ் பெறலாம். மின்னியல், குளிரூட்டல் போன்ற துறைகளில் முதலிலிருந்து கற்க விரும்பும் இளைஞர்களுக்கு 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையங்கள் இருக்கின்றன. க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்புக் கடைகளுக்கு வேலைக்குப் போகும் தோட்டத்துப் பிள்ளைகளிடம், புறப்படுவதற்கு முன்பே இந்தத் தகவல் போய்ச்சேர வேண்டும்.