பேட்டரியைத் தின்பது எது?

ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிடும். பிறகு ஆர்டர் குவியக் குவிய, அச்சகங்களின் டிடிபி மேஜைகளில் ராத்திரி வேலைதான். விளக்கெரியும் கீபோர்டு அங்கே ஆடம்பரமில்லை. ஆனால் வயர் உள்ளதா, வயர்லெஸ்ஸா?

பேட்டரியைக் காலி செய்வது வயர்லெஸ் என்றுதான் பலரும் பழி போடுகிறார்கள். அது பாவம்! விசையை அழுத்தும்போது சில பைட்டுகளை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையில் அனுப்பிவிட்டு உடனே தூங்கிவிடும். எல்இடி விளக்குகளோ, தட்டினாலும் தட்டாவிட்டாலும் மின்சாரம் கேட்கும். லாஜிடெக் தன் எம்எக்ஸ் கீஸ் என்ற வயர்லெஸ் கீபோர்டுக்குச் சொல்லும் கணக்கைப் பாருங்கள்: விளக்கோடு 10 நாள், விளக்கில்லாமல் 5 மாதம். கை விலகியதும் விளக்கை அணைக்க அதில் சென்சார் வைத்திருப்பது சும்மா இல்லை.

வயர் இருந்தால் இந்தக் கஞ்சத்தனம் வேண்டாம். யுஎஸ்பி 2.0 போர்ட் 5 வோல்ட்டில் 500 மில்லிஆம்பியர் வரை தரும். விடிய விடிய எரியட்டும். டிடிபி மேஜைக்கு என் ஓட்டு இதற்கே.

எதை வாங்கினாலும், விசைமேல் ஒட்டும் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் விஷயத்தில் உஷார். ஒளி ஊடுருவும் விசையின் மேல் கறுப்பு பூசி, எழுத்து வடிவில் மட்டும் அதை லேசரால் சுரண்டியிருப்பார்கள். வெளிச்சத்துக்கு அதுதான் ஒரே வாசல். அதன்மேல் தமிழ்99 ஸ்டிக்கரை ஒட்டினால் வாசல் அடைபடும். எழுத்து விரலுக்குப் பழகாதவர்கள், பின்னணியில் ஒளி ஊடுருவும் ஸ்டிக்கராகக் கேட்டு வாங்கி, ஆங்கில எழுத்தை மறைக்காமல் மூலையில் ஒட்டிக்கொள்ளலாம்.