தேவையும் இருப்பும்: பாலராமபுரம் தறிகள் சொல்லும் கணக்கு

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில் களியக்காவிளையைக் கடந்தால் பாறசாலை; அதற்கப்பால் நெய்யாற்றின்கரை. தமிழும் மலையாளமும் ஒரே திண்ணையில் கலந்து பேசப்படும் எல்லைப்புறச் சிற்றூர்கள் நிறைந்த பகுதி இது. நெய்யாற்றின்கரை வட்டத்திலுள்ள பாலராமபுரம் கைத்தறிக்குப் பெயர் பெற்றது. திருவிதாங்கூர் மன்னர் பாலராம வர்மாவின் ஆட்சியில் (1798–1810) தமிழ் பேசும் சாலியர் நெசவாளர் குடும்பங்கள் இங்குக் குடியமர்த்தப்பட்டன. நாடாவைக் கையால் எறிந்து குழித்தறியில் நெய்யப்படும் இவ்வூரின் கசவு முண்டும் புடவையும் இன்று புவிசார் குறியீடு பெற்றவை.

இத்துணிக்கு ஆண்டு முழுவதும் விற்பனை உண்டெனினும், பெருந்தேவை எழுவது ஓணத்தின்போதுதான். ஓணக்கோடி வாங்குவோர் அத்தம் நாளிலிருந்தே கடைகளுக்கு வரத் தொடங்குவர். அதற்கு முன்பு கடைக்குச் சென்று சேராத முண்டு கெட்டுப்போவதில்லை. ஆனால் அதில் முடங்கிய நூல்விலையும் கூலியும் மீண்டு வரப் பல மாதங்கள் ஆகக்கூடும். கடன் பெற்றுத் தொழில் நடத்துவோருக்கு அந்த மாதங்கள் ஒவ்வொன்றும் வட்டியாகும்.

எத்தனை நெய்வது, எப்போது தொடங்குவது, இருப்பிலுள்ளதை யாருக்குத் தருவது என்னும் மூன்று கேள்விகளுக்கும் முதலாளியின் நினைவாற்றலே முன்பு விடையளித்தது. இன்று உற்பத்தித் திட்டமிடல் மென்பொருள்கள் சிறு தொழில்களுக்கும் எட்டும் நிலைக்கு வந்துவிட்டன. இவற்றின் அடிப்படையை 1964ஆம் ஆண்டில் அமெரிக்கப் பொறியாளர் ஜோசப் ஆர்லிக்கி வகுத்தார். அவர் உணர்த்திய உண்மை எளியது: விற்கும் பொருளின் தேவையை மதிப்பிட வேண்டும், அதற்கான மூலப்பொருளின் தேவையைக் கணக்கிட்டாலே போதும். எத்தனை முண்டு விற்கும் என்பது மதிப்பீடு. அத்தனை முண்டுக்கு எவ்வளவு நூலும் கசவும் வேண்டும் என்பது வெறும் பெருக்கல்.

பெருக்கலை மென்பொருள் பிழையின்றிச் செய்யும். ஆனால் தேவையையும் இருப்பையும் எந்த விதிப்படி இணைப்பது என்பதை நாமே அதற்குச் சொல்ல வேண்டும். மென்பொருளை நிறுவும்போது எவரோ தேர்ந்தெடுத்த விதியை அப்படியே விட்டுவிடுவதில்தான் இழப்பு தொடங்குகிறது. மூன்று விதிகளைப் பார்ப்போம்.

மதிப்பீடும் ஆணையும்

ஒரு நெசவுக்கூடம் ஓணத்திற்கு 200 முண்டுகள் விற்கும் என மதிப்பிடுவதாகக் கொள்வோம். பின்னர் ஒரு கடையிலிருந்து 120 முண்டுகளுக்கு ஆணை வருகிறது. அந்த ஆணை மதிப்பீட்டின் ஒரு பகுதியே. எனவே மொத்தத் தேவை 200ஆகவே இருக்க வேண்டும். மதிப்பீட்டிலிருந்து ஆணையைக் கழிக்கும் விதி அமைக்கப்படாவிட்டால், மென்பொருள் இரண்டையும் கூட்டி 320 முண்டுகள் நெய்யச் சொல்லும். ஒரு முண்டின் அடக்கவிலை 1,000 ரூபாய் எனில் 1,20,000 ரூபாய் வீணாக முடங்கும். ஆண்டுக்கு 10 சதவீத வட்டியில் அது மாதம் 1,000 ரூபாய்ச் செலவு.

கழிக்கும் விதி இருந்தும் பிழை நேரலாம். 2023இல் திருவோணம் ஆகஸ்ட் 29. 2024இலோ செப்டம்பர் 15. முந்தைய ஆண்டின் மதிப்பீட்டை அப்படியே ஆகஸ்ட் மாதத்தில் பதிந்துவிட்டு, செப்டம்பர் முதல் வாரத்திற்கான ஆணைகளைப் பெற்றால், அந்தந்த மாதத்திற்குள் மட்டும் கழிக்கும் மென்பொருள் இரண்டையும் வெவ்வேறு தேவைகளாகவே கருதும். ஆகவே மதிப்பீட்டை ஆங்கில மாதத்தில் அல்லாமல் அவ்வாண்டின் ஓண நாளை வைத்துப் பதிய வேண்டும். முன்பின் எத்தனை நாள்களுக்குள் வரும் ஆணையை மதிப்பீட்டில் கழிக்கலாம் என்னும் வரம்பையும் விரிவாக அமைத்தல் நலம்.

யாருக்கு முதலில்?

அலமாரியில் 60 முண்டுகள் உள்ளன. ஆகஸ்ட் 10இல் தரவேண்டிய 60 முண்டுகளுக்கு ஒரு பெரிய கடை ஜூலை 1ஆம் நாள் ஆணை தருகிறது. ஜூலை 12இல் நடக்கும் திருமணத்திற்காக 20 முண்டுகள் கேட்டு ஒரு குடும்பம் ஜூலை 5ஆம் நாள் வருகிறது. ஆணை வந்த வரிசையில் ஒதுக்கினால் இருப்பு முழுவதும் கடைக்கே போய்விடும். குடும்பம் வெறுங்கையுடன் திரும்பும். தேவைப்படும் நாளின் வரிசையில் ஒதுக்கினால் குடும்பத்திற்கு இருப்பிலிருந்து 20 கொடுத்து, கடைக்குக் குறையும் 20ஐ நெய்து தர ஒரு மாதம் கிடைக்கும். அதற்குள் தறி முடித்துத் தருமாயின் இரு விற்பனையும் நிலைக்கும். முன்பணம் தந்தவருக்கு முன்னுரிமை என்பதும் ஏற்கத்தக்க விதியே. எதுவாயினும், ஒருவருக்கு ஒதுக்கிய சரக்கை மற்றவருக்கும் இருப்பாகக் காட்டாதவாறு அமைத்தல் இன்றியமையாதது. ஒரே முண்டை இருவருக்கு வாக்களிக்கும் கடை இருவரையும் இழக்கும்.

எத்தனை நாள்?

தரவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்கும் நாளை மென்பொருள் கூறும். அதற்கு ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நாள்களை நாம் தர வேண்டும். பாலராமபுரத்தில் பாவைத் தெருவில் விரித்துக் கஞ்சி தோய்த்து உலர்த்துவது மரபு. ஜூன் தொடக்கத்தில் கேரளத்தை எட்டும் தென்மேற்குப் பருவமழை, ஓண நெசவு நடக்கும் அதே மாதங்களில் தெருவை நனைக்கிறது. மாசி வெயிலில் கணித்த நாள்களைக் கர்க்கடக மழைக்கும் அப்படியே வைத்தால், திட்டம் திரையில் மட்டுமே நிறைவேறும். மழைக்காலத்திற்குத் தனி நாள்கணக்கைப் பதிக மென்பொருள் இடம் தராவிட்டால், முடிக்கும் நாளையாவது அத்தத்திற்கு முன்னதாக நகர்த்தி வைத்தல் வேண்டும்.

கேஷ் கிரெடிட் வசதி பெற்ற வாடிக்கையாளர்கள் வங்கிக்கு அளிக்கும் சரக்கிருப்பு அறிக்கையை இந்த மூன்று விதிகளையும் சோதிக்கும் வாய்ப்பாகவும் கொள்ளலாம். அறிக்கையில் உள்ள ஒவ்வொரு சரக்கையும் நோக்கி, இது எந்த ஆணைக்காக அல்லது எந்த மதிப்பீட்டிற்காக உள்ளது எனக் கேளுங்கள். விடை கிடைக்காத சரக்கு, ஏதோ ஒரு விதி தவறாக அமைந்திருப்பதன் அடையாளமாக இருக்கலாம். அடுத்த பாவைத் தறியில் ஏற்றுமுன் அவ்விதியைத் திருத்திவிடுங்கள். ஏற்றிய பாவை நெய்துதான் தீர வேண்டும்.